கீழ்க்காட்டுக்கு இறங்கும் உப்பு: பாசன வடிகாலும் எல்லை தாண்டும் ஆறுகளும்

போன பங்குனியில் சென்னிமலைக்குத் தெற்கே மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். தென்னைக்குச் சொட்டுநீர் போட்டு ஆறு வருடம் ஆகிறது. சொட்டு விழுகிற இடம் ஈரமாக, கறுப்பாக இருந்தது. அந்த ஈரம் முடிகிற விளிம்பில் வட்டமாக ஒரு வெள்ளைக் கோடு. கோலமாவு சிந்தியது போல. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது.

"ஏனுங்க மாமா, இதென்னங்க வெள்ளையா?"

"போர்த் தண்ணி மாப்ளே, உப்புப் பூத்திருக்குது. ஐப்பசி மழை நல்லா பேஞ்சா கரைஞ்சு போயிரும்."

"எங்கீங்க போகும்?"

"கீழ போகும்" என்றார். கையை நிலத்தைப் பார்த்துக் காட்டினாரா, சரிவில் கீழே இருக்கிற பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக் காட்டினாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நாடுகளுக்கிடையே நடக்கும் ஒரு பெரிய வகைத் தண்ணீர்ச் சண்டை அந்தக் கைக்குள் அடங்கியிருக்கிறது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விடுகிறாய் என்ற சண்டை நமக்குப் பழக்கம். காவிரியில் டிஎம்சி கணக்கை டீக்கடையில்கூடச் சொல்வார்கள். விடுகிற தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது வேறு சண்டை. அது மெதுவாக வரும், வந்தால் லேசில் போகாது.

முதலில் இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மழைத் தண்ணீரில் உப்பு அனேகமாகக் கிடையாது. அது மலையில் விழுந்து, பாறையையும் மண்ணையும் தொட்டு ஓடி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வருகிறது. சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை. சுண்ணாம்பு, மெக்னீசியம், சல்பேட் எல்லாம் சேர்ந்ததுதான் இங்கே உப்பு. ஆர்ஓ மெஷின் மாட்ட வருகிறவர் பேனா மாதிரி ஒரு கருவியைத் தம்ளருக்குள் விட்டு ஒரு எண் காட்டுவாரே, அந்த டிடிஎஸ் இதைத்தான் சொல்கிறது. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்ற கணக்கு. இதையே பிபிஎம் என்றும் சொல்வார்கள். நாம் பேசும் அளவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கருக்கு ஒரு பருவத்தில் மொத்தமாக ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டுகிறோம். ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு. குடிக்கிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, நாக்கு பழகிவிடும். ஆனால் பெருக்கிப் பாருங்கள்: 2,000 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாக 40 மூட்டை உப்பை ஒரு பருவத்தில் ஓர் ஏக்கர் பூமியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம்.

செடி அதில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும். வெயில் எடுப்பதும் தண்ணீரைத்தான். உப்பு அப்படியே கிடக்கும். கருப்பட்டி காய்ச்சும்போது பதநீர் வற்ற வற்ற அடியில் கட்டியாவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்தில் இன்னும் 40 மூட்டை.

வேர் இருக்கிற மண்ணில் உப்பு கூடினால் பயிர் தாகத்தால் சாகும், சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும். மாங்காய்க்கு உப்புப் போட்டு வைத்தால் மாங்காய்க்குள் இருக்கிற தண்ணீர் வெளியே வருகிறது இல்லையா? அதே இழுப்புதான். மண்ணில் உப்பு அதிகமானால் வேர் தண்ணீரை உறிஞ்ச மல்லுக்கட்ட வேண்டும். வாழையும் பீன்ஸும் சீக்கிரம் தோற்றுவிடும். தென்னை ஓரளவு தாங்கும். பருத்தி நன்றாகவே தாங்கும், பேரீச்சை அதற்கும் மேல். மாமா சொட்டுநீரைத் தென்னையோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். வாழை வைத்துப் பார்த்து ஒரு வருடம் இலை ஓரமெல்லாம் கருகிப் போனது.

அப்படியானால் பாசனம் செய்கிற பூமியெல்லாம் ஏன் உப்பளமாகிவிடவில்லை? பயிருக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விடுவதால். அந்தக் கூடுதல் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே இறங்கிவிடும். மழை நன்றாகப் பெய்கிற ஊரில் மழையே இந்த வேலையைச் செய்யும். மழை குறைந்த ஊரில் நாம்தான் செய்ய வேண்டும். இப்போது இன்னொரு கணக்கு. பத்துக் குடம் தண்ணீர் விட்டோம். எட்டுக் குடத்தைப் பயிரும் வெயிலும் எடுத்துக்கொண்டன. மிச்சம் இரண்டு குடம் கீழே இறங்குகிறது. பத்துக் குடத்து உப்பும் அந்த இரண்டு குடத்தில்தான் இருக்கும். 500 ஆக வயலுக்குள் நுழைந்தது 2,500 ஆக வெளியே வருகிறது. யாரும் எதையும் கொட்டவில்லை, கலக்கவில்லை, ஏமாற்றவில்லை. விவசாயம் ஒழுங்காக நடந்தாலே வடிகால் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். இந்த ஒரு வரி மனதில் தங்கினால் போதும், மீதி எல்லாம் தானாகப் புரியும்.

கீழே இறங்குகிற தண்ணீருக்குப் போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் நிலத்தடி மட்டம் மேலே ஏறி வரும். வேருக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அப்புறம் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி மண்ணே தண்ணீரை மேலே இழுக்கும். மேலே வந்த தண்ணீரை வெயில் குடித்துவிடும், உப்பு நிலத்தின் மேல் பூக்கும். கால் வைத்தால் பொதுக்கென்று இறங்குகிற, நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்த வயல்களை வாய்க்கால் ஓரம் பார்த்திருப்பீர்கள். உவர் என்பது இது. களர் என்பது கொஞ்சம் வேறு: அங்கே சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணைச் சிமெண்ட் மாதிரி ஆக்கிவிடும், ஜிப்சம் போட்டுத்தான் விடுவிக்க வேண்டும். பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம், ஆனால் வைத்தியம் வேறு வேறு.

ஆகவே வாய்க்கால் வெட்டுகிறவன் வடிகாலும் வெட்ட வேண்டும். பழைய காலத்து மெசபடோமியா முதல் இதுதான் கதை. வாய்க்காலுக்குத் திறப்பு விழா நடக்கும், வடிகாலுக்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

கீழ்பவானிப் பாசனத்தில் நமக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பவானிசாகரில் இருந்து கிளம்பி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகிற வாய்க்கால். 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. ஆண்டுக்கு ஒரு பாதி நன்செய்க்கும் இன்னொரு பாதி புன்செய்க்குமாக முறை மாற்றி விடுகிறார்கள். பூமி சரிவாக இருக்கிறது, பவானிக்கும் காவிரிக்கும் நொய்யலுக்கும் இறங்கும் ஓடைகளும் பள்ளங்களும் நிறைய. கசிகிற தண்ணீர் தேங்காமல் ஓடைக்கு வந்துவிடுகிறது. வருகிற ஆற்றுத் தண்ணீரும் நல்ல தண்ணீர். அதனால் இங்கே கசிவு நீர் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கசிவு நீரை நம்பியே கிணறு வெட்டி, ஓடையில் தடுப்பணை கட்டி, குளம் நிரப்பி ஒரு தலைமுறை வாழ்ந்திருக்கிறது. மேலே ஒருவன் விட்டது கீழே ஒருவனுக்குப் பாசனம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு ஒரு நாட்டில் இதே கதையைப் பார்ப்போம்.

பூமி சரிவாக இல்லாமல், தண்ணீரும் ஏற்கெனவே உப்பாக இருந்து, கீழே இருக்கிறவன் வேறு நாட்டுக்காரனாக இருந்தால் என்ன ஆகும்? இதற்கு உலகம் காட்டுகிற முதல் உதாரணம் கொலராடோ ஆறு.

கொலராடோ அமெரிக்காவின் ராக்கி மலையில் பிறந்து, ஏழு மாநிலங்களின் பாலை நிலங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, கடைசியாக மெக்சிகோவுக்குள் நுழைகிறது. பிறக்கிற இடத்தில் அதன் உப்பு 50 பிபிஎம்-க்கும் குறைவு. எல்லைக்குப் பக்கத்தில் வரும்போது பல நூறு. இதில் பாதிக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வழியில் இருக்கிற உப்புப் பாறைகளும் உப்பு ஊற்றுகளும் இயற்கையாகவே கலக்கின்றன. மீதியில் பெரும் பங்கு பாசன வடிகாலில் இருந்து வருவது. அணைகளில் தேங்கிய தண்ணீர் வெயிலில் ஆவியாவதும் கொஞ்சம் கூட்டுகிறது.

1944-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர்-அடி தண்ணீர் மெக்சிகோவுக்கு (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி). நம் கணக்கில் சுமார் 65 டிஎம்சி, பவானிசாகர் அணையை இரண்டு முறை நிரப்பும் அளவு. மெக்சிகோ அந்தத் தண்ணீரைத் திருப்ப எல்லையில் மொரேலோஸ் அணையை 1950-ல் கட்டிக்கொண்டது. அங்கிருந்து மெக்சிகாலி சமவெளிக்கு வாய்க்கால். பருத்தியும் கோதுமையும் விளைகிற பூமி. எல்லாம் சரியாகவே போனது.

எல்லைக்கு இந்தப் பக்கம், அரிசோனாவில் வெல்டன்-மொஹாக் என்று ஒரு பாசனப் பகுதி, கிலா ஆற்றங்கரையில். அங்கே பல வருடமாக நிலத்தடித் தண்ணீரையே இறைத்து, அதையே திரும்பக் கட்டி, திரும்ப இறைத்து, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பாகிவிட்டது. 1952-ல் கொலராடோத் தண்ணீரை வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்தார்கள். புதுத் தண்ணீர் தாராளமாக வந்தது, நிலத்தடி மட்டம் கிடுகிடுவென்று ஏறியது. பயிர் வேரில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நான் மேலே சொன்ன விளக்குத் திரி விவகாரம். என்ன செய்தார்கள்? வடிகால் கிணறுகள் வெட்டி, கீழே இருக்கிற பழைய உப்புத் தண்ணீரை இறைத்து ஆற்றில் விட்டார்கள். தங்கள் பூமியைக் காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழி இல்லை, அதுவும் உண்மைதான். 1961-ல் இது தொடங்கியது. அந்த வடிகால் தண்ணீரில் உப்பு 6,000 பிபிஎம் அளவில் இருந்தது.

மெக்சிகோவுக்குப் போன தண்ணீரில் அதுவரை சுமார் 800 ஆக இருந்த உப்பு ஒரே வருடத்தில் சராசரி 1,500 ஆனது. சில நாட்களில் 2,500-ஐயும் தாண்டியது. 1961 நவம்பரில் மெக்சிகோ முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது. அப்புறம் 1963-ல் மேலே கிளென் கேன்யன் அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அதுவரை உபரியாக வந்து உப்பை நீர்க்கச் செய்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோனது. சாம்பாரில் உப்புக் கூடிப்போன நாள் பார்த்து வீட்டில் தண்ணீரும் இல்லாமல் போனது மாதிரி.

இந்த இடத்தில் வழக்குச் சுவாரசியமாகிறது. அமெரிக்காவின் வாதம்: ஒப்பந்தத்தில் 15 லட்சம் ஏக்கர்-அடி என்று இருக்கிறது, கொடுத்துவிட்டோம். தண்ணீர் எந்த மூலத்திலிருந்து வந்தாலும் கணக்கில் சேரும் என்றும் எழுதியிருக்கிறது, ஆகவே வடிகால் தண்ணீரும் கணக்கில் சேரும். தரத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. மெக்சிகோவின் வாதம்: பாசனத்துக்கென்று போட்ட ஒப்பந்தம் இது. பயிரைக் கொல்லுகிற தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்று சொன்னால் எப்படி?

இரண்டு வாதத்தையும் படித்தபோது எனக்கு ஊர்ப் பால் சொசைட்டிதான் நினைவுக்கு வந்தது. லிட்டர் கணக்கில் மட்டும் காசு கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொசைட்டிக்குத் தெரியும், அதனால்தான் கொழுப்பும் பார்க்கிறார்கள். 1944-ல் கையெழுத்துப் போட்டவர்களிடம் லாக்டோமீட்டர் இல்லை. தரம் என்ற பேச்சு அப்போது எழாமல் இல்லை. எழுதிவைத்தால் ஒப்பந்தமே நடக்காது என்ற நிலை. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட இடத்தில்தான் பதினேழு வருடம் கழித்து உப்பு வந்தது.

1965-ல் ஒரு தற்காலிக ஏற்பாடு: வடிகால் தண்ணீரைத் தனி வாய்க்காலில் கொண்டுபோய், மொரேலோஸ் அணைக்கு மேலேயோ கீழேயோ விடலாம். கீழே விட்டால் மெக்சிகாலி வாய்க்காலில் அது கலக்காது. ஓரளவு ஆறுதல், தீர்வு இல்லை. 1972-ல் மெக்சிகோ அதிபர் லூயிஸ் எச்சேவெரியா வாஷிங்டனுக்கே போய் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதைப் பேசினார். அதிபர் நிக்சன் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஹெர்பர்ட் பிரவுனலை இதற்கென்று தனித் தூதராகப் போட்டார். 1973 ஆகஸ்ட் 30 அன்று கையெழுத்தானதுதான் மினிட் 242. மினிட் என்றால் நேரக் கணக்கு இல்லை. இரு நாட்டு எல்லை நீர் ஆணையம் எடுக்கிற முடிவுகளுக்கு அப்படிப் பெயர். பழைய ஒப்பந்தத்தைத் திருத்தாமல் அதற்கு ஒட்டுப் போடுகிற ஏற்பாடு.

அதில் இருக்கிற எண் எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீரில் இத்தனை பிபிஎம்-க்கு மேல் உப்பு இருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. அமெரிக்காவின் கடைசிப் பெரிய வாய்க்கால்கள் பிரிகிற இம்பீரியல் அணையில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ, அதைவிட மொரேலோஸில் 115 பிபிஎம்-க்கு மேல் கூடக் கூடாது. முப்பது முன்னே பின்னே இருக்கலாம். அதாவது, "நான் குடிக்கிற தண்ணீரைவிட உனக்கு ரொம்ப மோசமாகக் கொடுக்க மாட்டேன்". ஆறே உப்பானால் இருவருக்கும் உப்பு. மெக்சிகோ முழு உத்தரவாதம் பெறவில்லை, அமெரிக்காவும் இயற்கை உப்புக்குப் பொறுப்பேற்கவில்லை. பங்காளிகளுக்குள் பாகப் பிரிவினைக்கு வருகிற பெரியவர் இப்படித்தான் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லி முடித்துவைப்பார். சண்டை போட்டவர்கள் இருவருக்கும் முழுத் திருப்தி இருக்காது, ஆனால் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

இந்த எண்ணை எட்ட வேண்டுமானால் வெல்டன்-மொஹாக் வடிகாலை ஆற்றில் விடக் கூடாது. ஆகவே சிமெண்ட் வாய்க்கால் ஒன்றை எல்லை தாண்டி மெக்சிகோவின் கடலோரச் சதுப்பு வரைக்கும் நீட்டினார்கள், அமெரிக்கச் செலவில். 1977 முதல் உப்புத் தண்ணீர் அந்த வழியே போகிறது. ஆனால் அப்படிப் போகிற தண்ணீர் மெக்சிகோவின் 15 லட்சத்தில் சேராது. ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் ஏக்கர்-அடி, 4 டிஎம்சிக்கு மேல், அமெரிக்காவுக்கு நஷ்டம். அதை மீட்க யூமா என்ற ஊரில் ஒரு பிரம்மாண்டமான ஆர்ஓ ஆலை கட்ட 1974-ல் சட்டம் போட்டார்கள். சுமார் 25 கோடி டாலர் செலவில் 1992-ல் முடிந்தது. மூன்றில் ஒரு பங்குத் திறனில் கொஞ்ச காலம் ஓடியது. 1993-ல் கிலா ஆற்றில் வெள்ளம் வந்து வடிகால்களை உடைத்தது, ஆலை நின்றது. 2007-ல் மூன்று மாதம், 2010–11-ல் ஒரு வருடம் சோதனைக்கு ஓட்டினார்கள். மற்றபடி ஆளை வைத்துத் துடைத்துப் பாதுகாத்துவந்தார்கள். ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிற வருடங்களில் அந்தச் செலவு யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

இதற்குள் யாரும் நினைக்காத ஒன்று நடந்துவிட்டது. உப்புத் தண்ணீர் போய் விழுந்த இடத்தில், சாண்டா கிளாரா என்ற இடத்தில், கோரைப்புல் அடர்ந்து பெரிய சதுப்பு நிலம் உருவாகிவிட்டது. கொலராடோவின் கழிமுகம் தண்ணீர் இல்லாமல் செத்துக் கிடந்த காலத்தில் பறவைகளுக்குக் கிடைத்த ஒரே பெரிய இடம் அதுதான். அழிவின் விளிம்பில் இருந்த யூமா கானாங்கோழி அங்கே ஆயிரக்கணக்கில் வாழ்கிறது. மெக்சிகோ அதைக் காப்பு நிலமாக அறிவித்துவிட்டது. இப்போது ஆர்ஓ ஆலையை முழுத் திறனில் ஓட்டினால் நல்ல தண்ணீர் ஆற்றுக்குப் போகும், செறிவான உப்புக் கழிவு மட்டும் சதுப்புக்குப் போகும், கோரை கருகும். ஒருவர் கழிவு என்று தள்ளிவிட்டதற்கு இன்னொரு இடத்தில் உயிர்கள் சொந்தம் கொண்டாடுகின்றன.

கீழ்பவானிக் கசிவை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? அதே கொலராடோவில், எல்லையை ஒட்டியே போகிறது ஆல் அமெரிக்கன் கால்வாய். அப்போது அது மண் கால்வாய். மணலில் கசிந்த தண்ணீர் எல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கி, மெக்சிகாலி விவசாயிகளின் கிணறுகளில் ஊறிக்கொண்டிருந்தது. உப்பு குறைந்த தண்ணீர், அவர்கள் கிணற்று உப்பையும் நீர்க்க வைத்தது. அமெரிக்கா சுமார் 37 கிலோமீட்டருக்குப் புதிதாகக் கான்கிரீட் கால்வாய் கட்டத் தீர்மானித்தது. சேமிப்பு ஆண்டுக்கு 67,700 ஏக்கர்-அடி, ஏறக்குறைய 3 டிஎம்சி; சான் டியேகோ போன்ற நகரங்களுக்குத் தேவை. மெக்சிகாலித் தரப்பு வழக்குப் போட்டது. 2006-ல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. அந்த வருடக் கடைசியிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடையை நீக்கிவிட்டது. கால்வாய் கட்டி முடிந்துவிட்டது.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது நம் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வீணாகாமல் கடைமடைக்குப் போகட்டும் என்று ஒரு தரப்பு, கசிவு நின்றால் கிணறும் தென்னையும் போச்சு என்று இன்னொரு தரப்பு. உண்ணாவிரதம், ஊர்வலம், நீதிமன்றம் எல்லாம் நடந்தன. நம்மிடம் இரண்டு தரப்பும் ஒரே மாநிலத்துக்காரர்கள், ஒரே அரசிடம் மனுக் கொடுக்கலாம், ஒரே கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்காரவும் வேண்டும். எல்லைக் கோடு நடுவில் இருந்தால் அந்த வசதி கிடையாது. "கசிவு உனக்கு உரிமை இல்லை, என் தண்ணீர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மற்ற ஆறுகளைச் சீக்கிரமாகப் பார்த்துவிடலாம். 1960-ன் சிந்து நதி ஒப்பந்தத்தில் ஆறுகளைப் பிரித்துக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். அதில் நான்காம் பிரிவில் வடிகால்களுக்கென்றே இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஹுடியாரா, ஃபாசில்கா என்று எல்லை தாண்டுகிற வடிகால்களின் பெயரையே எழுதியிருக்கிறார்கள். 1944-ல் கொலராடோவில் விட்டதைவிட இது நல்ல வேலை என்பேன். பெயர் எழுதியதால் ஹுடியாரா சுத்தமாகிவிடவில்லை, அது இன்று ஊர்க்கழிவையும் ஆலைக்கழிவையும் சுமக்கிறது. இராக் தன் உப்பு வடிகாலை டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளில் கலக்காமல் கடலுக்குக் கொண்டுபோக, இரண்டுக்கும் நடுவே 565 கிலோமீட்டருக்குத் தனியாக ஓர் ஆற்றையே வெட்டியது, 1992-ல் முடிந்தது. ஆனால் மேலே துருக்கியிலும் சிரியாவிலும் பாசனம் பெருகியதால் வருகிற தண்ணீர் குறைந்து உப்பு கூடுகிறது, அதற்கு இராக்கின் வடிகால் என்ன செய்யும்? மத்திய ஆசியாவில் அமு தாரியா ஆற்றில் பருத்தி வயல்களின் வடிகாலைத் திரும்பத் திரும்ப ஆற்றிலேயே விட்டுக் கடைசி ஊர்களுக்கு உப்புக் கரைசலே மிஞ்சியது. துர்க்மெனிஸ்தான் அந்த வடிகாலைப் பாலைவனப் பள்ளம் ஒன்றுக்குத் திருப்பி 2009-ல் ஒரு ஏரியைத் திறந்தது. ஏரியை நிரப்ப வடிகால் போதாமல் நல்ல தண்ணீரிலும் கை வைப்பார்களோ என்பது பக்கத்தில் இருக்கிற உஸ்பெகிஸ்தானின் கவலை.

நொய்யலைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அது பாசன உப்பு இல்லை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சாய உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பும் சோடியம் சல்பேட்டும் கிலோக் கணக்கில் போட வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்பு தண்ணீரோடு வெளியே வரும். 1992-ல் பாசனத்துக்கென்று முடிந்த ஒரத்துப்பாளையம் அணை அந்தத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற தொட்டியாகிவிட்டது. பாசனத்துக்கு அணை கேட்டு வாங்கிய ஊர்கள் அதே அணையைத் திறக்காதே என்று போராடியது உலகத்தில் அடிக்கடி நடக்காது. நீதிமன்றம் பலமுறை சொல்லி, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. திரும்பத் திறந்தபோது ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில்தான் திறக்க முடிந்தது. ஆர்ஓ, அப்புறம் ஆவியாக்கி, கடைசியில் மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பு. அந்த மூட்டைகளை எங்கே வைப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யூமாவில் சதுப்புக்குப் போகிற உப்பு இங்கே ஷெட்டுக்குள் அடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயப்பட்டறையைப் பூட்ட முடிந்தது. வயலைப் பூட்ட முடியாது. அதனால்தான் பாசன உப்பு வழக்குகளில் யாரைக் கூண்டில் ஏற்றுவது என்றே தெரிவதில்லை. ஆயிரக்கணக்கான விவசாயிகள், ஒவ்வொருவரும் தன் பூமியிலிருந்து இரண்டு குடம் கீழே விட்டிருப்பார்கள். அவர்களிடம் போய் உப்பை வெளியே விடாதே என்றால், உன் பூமியிலேயே வைத்துக்கொள் என்று அர்த்தம். தண்ணீரைக் குறைத்துக் கட்டினால் வடிகால் குறையும், அது நல்லதுதான். சொட்டுநீர் அந்த வகையில் பெரிய உதவி. ஆனால் உப்பு குறையாது, அது வேர் ஓரத்தில் வெள்ளைக் கோடாக உட்கார்ந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும்.

ஐப்பசியில் திரும்பப் போனபோது நல்ல மழை. போதாததற்கு மாமா கிணற்று மோட்டாரையும் போட்டு வட்டப்பாத்தி நிறையத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடு போயிருந்தது. சரிவில் கீழே, வேலிக்கு அந்தப் பக்கம், கீழ்க்காட்டுக்காரர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியுமுங்களா மாமா?"

"தெரியாம என்ன" என்றார் மாமா. "அவருக்குங் கீழ ஒருத்தர் இருக்கறாரல்லோ."